பாட்டன் சொத்தில் பங்கு

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவிய அண்ணல் அம்பேத்கர் அடுத்த மாதமே காத்மாண்டு போனார். அங்கே நடந்த உலக பௌத்தர் மாநாட்டில் நவம்பர் 20 அன்று புத்தரையும் கார்ல் மார்க்சையும் ஒப்பிட்டுப் பேசினார். பதினாறு நாள் கழித்து டெல்லியில் மறைந்தார். அந்த உரையை நம்மில் பலர் படித்திருக்கிறோம். அவர் நின்று பேசிய மண்ணைப் பற்றி அதிகம் யோசித்ததில்லை. தீண்டாமை குற்றம் என்று இந்தியா 1955இல் தனிச்சட்டம் போட்டுவிட்டது. நேபாளத்தில் அப்போதும் 1854ஆம் ஆண்டின் முலுக்கி ஐன் நடப்பில் இருந்தது. யார் கையால் யார் தண்ணீர் வாங்கலாம், யாரைத் தொட்டால் யார் தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிவைத்த சட்டம் அது. அண்ணல் பேசிய நாளில் அந்த மண்ணில் தீண்டாமை வெறும் வழக்கமாக மட்டும் இல்லை, அரசாங்கத்தின் ஏட்டிலேயே இருந்தது.

காத்மாண்டுவிலிருந்து பாக்மதி ஆற்றைத் தாண்டினால் தென்கரையில் இன்னொரு பழைய நகரம் வரும். லலித்பூர் என்று அரசாங்கம் எழுதும். பாட்டன் என்று மக்கள் சொல்வார்கள். பெயரைக் கேட்டதும் நமக்கு அப்பாவின் அப்பாதான் நினைவுக்கு வருவார். சொல்லுக்கும் ஊருக்கும் தொடர்பு இல்லை. ஆனால் இந்தக் கட்டுரைக்கு அந்தக் குழப்பம் உதவும். மரபுச் சொத்து, பண்பாட்டுச் சொத்து என்று பெரிய பெரிய வார்த்தைகளில் சொல்வதெல்லாம் கடைசியில் பாட்டன் சொத்து பற்றிய பேச்சுதான். சொத்து என்று வந்தால் பங்கு என்ற கேள்வியும் வரும்.

கூலி, பஞ்சமி நிலம், ஆணவக்கொலை, கல்வி உதவித்தொகை என்று தலைக்கு மேல் வேலை கிடக்க, அருங்காட்சியகத்தைப் பற்றி என்ன பேச்சு என்று இளைய தோழர்கள் கேட்பது நியாயம்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு குடியிருப்புப் பிள்ளைகளை நாம் ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனோம். கற்சிலை, செப்பேடு, வாள், பல்லக்கு எல்லாம் பார்த்து முடித்து வெளியே வந்ததும், ஆறாவது படிக்கும் ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: “அக்கா, பல்லக்கு இருந்துச்சே, அதத் தூக்குனவங்க எங்க?” நம்மிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் பாட்டன் அரண்மனையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தோம்.

அரண்மனை அருங்காட்சியகமான கதை

காத்மாண்டு பள்ளத்தாக்கில் காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் என்று மூன்று நகரங்கள் மூன்று மல்ல அரசுகளின் தலைநகரங்களாக இருந்தன. 1760களின் இறுதியில் கூர்க்காவின் பிருத்வி நாராயண் ஷா மூன்றையும் பிடித்தார். அதற்கு முன் மூன்று அரசுகளும் கோயில் கட்டுவதிலும் அரண்மனை கட்டுவதிலும் ஒன்றோடொன்று போட்டி போட்டன. அந்தப் போட்டியின் மிச்சம்தான் இன்று உலகம் வந்து பார்க்கும் மூன்று அரண்மனைச் சதுக்கங்கள். 1979இல் யுனெஸ்கோ பள்ளத்தாக்கின் ஏழு பகுதிகளை உலக மரபுச் சின்னம் என்று அறிவித்தது. பாட்டன் சதுக்கம் அவற்றில் ஒன்று.

சதுக்கத்தின் கிழக்குப் பக்கம் முழுக்க அரண்மனை. வடக்கே இருக்கும் கேசவ நாராயண சௌக் 1734இல் முடிந்தது. அதே இடத்தில் அதற்கு முன் ஒரு பௌத்த விகாரை இருந்தது. அரண்மனைக்காக அது இடம் மாற்றப்பட்டது. நாம் ஒரு கட்டடத்தைப் பழமை என்று கும்பிடும்போது, அதற்கும் முந்திய ஒரு பழமை அதன் அடியில் இருந்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

1934 ஜனவரி 15 அன்று வந்த பெரும் நிலநடுக்கம் அரண்மனையைக் குலைத்துப் போட்டது. விழுந்த பகுதிகளை அவசர அவசரமாக எடுத்துக் கட்டினார்கள். 1980களில் ஆஸ்திரிய அரசின் உதவியோடு சீரமைப்பு தொடங்கியது. வடிவமைப்பை ஏற்றவர் கோட்ஸ் ஹாக்முல்லர் என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர். பக்தபூரில் ஒரு பழைய மடத்தைச் சீர்செய்து அங்கேயே வாழ்ந்தவர். வேலை பதினைந்து ஆண்டுகள் நடந்து 1997இல் பாட்டன் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் இந்து, பௌத்தப் புனிதக் கலைதான் அதன் பொருள். செம்பிலும் வெண்கலத்திலும் வார்த்து முலாம் பூசிய தெய்வ உருவங்கள், 1666இல் சீனிவாச மல்லனுக்குச் செய்த அரியணை, மெழுகு வார்ப்பு முறையைப் படிப்படியாக விளக்கும் பகுதி எல்லாம் உண்டு. தெற்காசியாவின் சிறந்த சிறு அருங்காட்சியகங்களில் ஒன்று என்று அதைச் சொல்வது மிகையல்ல.

பழைய அரண்மனையை அருங்காட்சியகமாக மாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. ராஜா வாழ்ந்த அறைக்கு அன்றாடம் நூற்றுக்கணக்கான பேர் வந்து போக வேண்டும். படிக்கட்டு குறுகல், கூரை தாழ்வு, வெளிச்சம் குறைவு. ஆகவே புதிதாகச் சிலவற்றைச் சேர்த்தே ஆக வேண்டும். சேர்ப்பதைப் பழையது மாதிரியே செய்து கண்ணைக் கட்டுவதா, புதியது என்று தெரியும்படி செய்வதா? இதற்கு 1964இன் வெனிஸ் சாசனம் ஒரு வழி சொல்கிறது: காணாமல் போன பகுதிக்குப் பதிலாக வைப்பது மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து பிரித்தறியக் கூடியதாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வரலாற்றுச் சான்றே பொய்யாகிவிடும். ஹாக்முல்லர் அரண்மனையைப் பழங்காலத்தில் உறையவைக்கவில்லை. முன்பு விழுந்த கிழக்குப் பகுதியைச் சீரமைத்தபோது எஃகு போன்ற இக்காலப் பொருட்களைத் தயங்காமல் பயன்படுத்தினார். பின்னாளில் தெற்கே உள்ள மூல் சௌக்கும் சுந்தரி சௌக்கும் காத்மாண்டு பள்ளத்தாக்கு பாதுகாப்பு அறக்கட்டளையின் உழைப்பில் சீரானபோது அருங்காட்சியகம் அங்கும் விரிந்தது.

இந்த விதியை நாம் ஒரு கணம் வேறு விதமாகவும் வாசிக்கலாம். விழுந்ததை மறைக்காதே, காணாமல் போனதைக் காணாமல் போனது என்று காட்டு. மரத்துக்கும் செங்கல்லுக்கும் இத்தனை நேர்மை வேண்டும் என்றால் மனிதர்களின் கதைக்கு எத்தனை வேண்டும்?

ஓட்டுக்கூரை

பாட்டனின் அழகில் பாதி அதன் கூரையில் இருக்கிறது. அடுக்கடுக்காக இறங்கும் ஓட்டுக்கூரை, அதைத் தாங்கும் செதுக்கிய மரக்கைகள், கீழே மினுங்கும் செங்கல் சுவர். நேவார் கட்டடக் கலை என்று புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். நேவார்கள் பள்ளத்தாக்கின் பூர்வ மக்கள். தனி மொழியும் தனிப் பண்பாடும் கொண்டவர்கள். அவர்களுக்குள்ளேயே இந்து, பௌத்தம் என்ற இரண்டு வழிகளும் உண்டு. இரண்டு வழியிலும் சாதி உண்டு.

1382 முதல் 1395 வரை ஆண்ட ஜயஸ்திதி மல்லன்தான் சாதிகளை வரிசைப்படுத்திச் சட்டம் செய்தான் என்று நேபாள வம்சாவளி நூல்கள் சொல்கின்றன. அந்த வம்சாவளிகளில் ஒன்றை டேனியல் ரைட் 1877இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதில் ஒரு பகுதியை நம் மாணவர்கள் எல்லோரும் ஒரு முறை படிக்க வேண்டும். போடே சாதியார் தொப்பி, மேற்சட்டை, செருப்பு, தங்க நகை எதுவும் அணியக் கூடாது. கசாய் சாதியார் கை வைத்த சட்டை போடக் கூடாது. போடே, குலு, கசாய் மூவரும் வீட்டுக்கு ஓடு வேயக் கூடாது.

ஓடு வேயக் கூடாது. உலக மரபுச் சின்னத்தின் அடையாளமே எதுவோ, அது சிலருக்குத் தடைசெய்யப்பட்ட பொருள்.

இந்த நூல்கள் எழுதப்பட்டது 19ஆம் நூற்றாண்டில். 14ஆம் நூற்றாண்டு ராஜா உண்மையிலேயே இப்படி ஆணையிட்டானா என்பதில் வரலாற்று ஆய்வாளர்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள். நாமும் இருக்க வேண்டும். ஆனால் ஒன்று உறுதி. 19ஆம் நூற்றாண்டில் இதை எழுதியவருக்கு அது இயல்பான ஒழுங்காகத் தெரிந்திருக்கிறது. பழைய ராஜா பெயரில் அதற்கு வயது கூட்டிக் கொடுத்திருந்தால் அதுவும் ஒரு வரலாற்றுச் செய்திதான்.

இதைப் படித்ததும் நமக்கு ராமநாதபுரம் நினைவுக்கு வரும். 1930 டிசம்பரில் அங்கே ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது. சட்டை கூடாது. செருப்பும் குடையும் கூடாது. ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் இந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். இமயத்தடியும் வைகைக்கரையும் ஒருவரையொருவர் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் தடை போன இடம் ஒன்றே: உடம்பும் வீடும். சாதி கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும், தூரத்தில் வரும்போதே தெரிய வேண்டும் என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. உடைக்கும் கூரைக்கும் சட்டம் போடுவது அதற்காகத்தான்.

நேவார் நகரங்களின் வரைபடமும் அதே கணக்கில் இருந்தது. அரண்மனை நடுவில். அதைச் சுற்றி மேல்சாதித் தெருக்கள். வெளிப்போகப் போகப் படிநிலை இறங்கும். போடே, ச்யாமே குடியிருப்புகள் நகர எல்லைக்கு வெளியே. நம் ஊரில் ஊர், சேரி என்கிறோம். அங்கே நகரம், நகரத்துக்கு வெளியே. யுனெஸ்கோ கோடு போட்டுக் காக்கும் பகுதி அரண்மனைச் சதுக்கத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. பழைய கோட்டின் மேல் புதிய கோடு விழுவது இப்படித்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ய வேண்டியதில்லை. அழகான கட்டடம் எங்கே இருக்கிறதோ அங்கே கோடு போட்டால் போதும். ஓடு வேயத் தடை இருந்தவர் தெருவில் உலகம் காக்க வேண்டிய கட்டடம் எங்கிருந்து வரும்?

ஒரே செம்பு, இரண்டு சாதி

சாதிக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். சாதி என்பது தொழில் பிரிவினைதான், அழுக்கான தொழில் செய்ததால் தீட்டு வந்தது என்பார்கள். சாதி தொழிலைப் பிரிக்கவில்லை, தொழிலாளிகளைப் பிரித்தது என்று அண்ணல் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார். பாட்டன் அருங்காட்சியகத்தின் செம்புப் பொருட்களே அதற்குச் சாட்சி சொல்லக் கூடியவை.

பாட்டனில் தெய்வ உருவங்களை வார்ப்பவர்கள் பெரும்பாலும் சாக்கியர்கள். நேவார் பௌத்தத்தில் உயர்ந்த குலம். பொன்வேலையும் அவர்களுடையதுதான். செம்புப் பாத்திரம் அடிக்கும் தாம்ராகார்கள் மதிப்புள்ள வணிகக் கைவினைச் சாதி. இரும்படிக்கும் நகர்மிகள் கையால் தண்ணீர் வாங்கலாம்.

பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள மலைக்கு ஏறுங்கள். அங்கே பொன்வேலை செய்யும் சுனார் தீண்டத்தகாதவர். செம்படிக்கும் டம்டா தீண்டத்தகாதவர். இரும்படிக்கும் காமி தீண்டத்தகாதவர். பொன் ஒன்றே, செம்பு ஒன்றே, உலை ஒன்றே, சுத்தியல் ஒன்றே. பள்ளத்தாக்கின் நேவார் ஒழுங்கில் ஒன்றாகவும் மலையின் பர்பதே ஒழுங்கில் இன்னொன்றாகவும் இருக்கிறது. அப்படியென்றால் தீட்டு செம்பில் இல்லை, கரியில் இல்லை, வேர்வையில் இல்லை. அதிகாரம் யார் மேல் அதை ஒட்டியதோ அவர் மேல் இருக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு செய்தி உண்டு. நேபாளத்தில் விஸ்வகர்மா என்பது தலித் குடும்பப் பெயர். பி.கே. என்று சுருக்கி எழுதுவார்கள். தமிழ்நாட்டில் விஸ்வகர்மா என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் கம்மாளர்கள் பூணூல் அணிகிறவர்கள். ஒரே தெய்வத்தின் பெயர், ஒரே உலைத் தொழில். ஓரிடத்தில் பூணூல், ஓரிடத்தில் தீண்டாமை. 2020 மே மாதம் மேற்கு ருக்கும் மாவட்டத்தில் மேல்சாதிப் பெண்ணைக் காதலித்த நவராஜ் பி.கே.வும் அவரோடு போன நண்பர்களும் ஊர்க் கும்பலால் விரட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆறு இளைஞர்கள். அந்த இரண்டெழுத்துதான் அவர்களை விரட்டியது. ஆகவே இது செத்துப்போன வரலாறு இல்லை.

பாட்டன் அருங்காட்சியகம் மெழுகு எப்படி உருகுகிறது, அச்சில் செம்பு எப்படி இறங்குகிறது என்பதையெல்லாம் அருமையாக விளக்குகிறது. அதோடு இந்த ஒரு விளக்கத்தையும் சேர்த்தால் உலோகவியல் பாடம் சமூகவியல் பாடமாகவும் ஆகிவிடும்.

தெய்வத்தின் காவலர், தண்ணீருக்கு ஆகாதவர்

புனிதக் கலைதான் எங்கள் பொருள், சாதி எங்கள் பொருள் இல்லை என்று ஓர் அருங்காட்சியகம் சொல்லலாம். சரி, புனிதத்தையே எடுத்துக்கொள்வோம்.

போடே என்று மற்றவர்கள் சொல்லும் சாதியார் தங்களை த்யலா என்று சொல்லிக்கொள்கிறார்கள். தெய்வத்தைக் காப்பவர் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். நகரத்தைக் கூட்டிப் பெருக்கிய அதே மக்கள்தான் நகர எல்லையில் உள்ள பீடங்களின் காவலர்கள். அஜிமா என்னும் தாய்த்தெய்வங்களின் இடங்கள் அவை. மேல்சாதிக்காரர் வைக்கும் படையலை எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுடையது. நம் எல்லைத் தெய்வங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அடுத்து இசை. நகரத் திருவிழாக்களில் கட்கிகள் முழவு கொட்டுவார்கள். கபாலிகள் குழல் ஊதுவார்கள். முழவுக்குத் தோல் கட்டுகிறவர்கள் குலுக்கள். தசைன் விழாவில் தலேஜு தெய்வத்துக்கு மூல் சௌக்கில் எருமை பலி உண்டு. எருமை வெட்டுவது கட்கிகளின் மரபுப் பணி. இவர்கள் இல்லாமல் பள்ளத்தாக்கில் எந்தத் தெய்வமும் வெளியே வர முடியாது. ஆகவே சாதியை விட்டுவிட்டுப் புனிதத்தை மட்டும் காட்டுகிறோம் என்றால் புனிதத்தையே பாதிதான் காட்டுகிறோம்.

இனி தண்ணீர். அரண்மனைக்கு வடக்கே, தரையிலிருந்து படியிறங்கிப் போகும் பள்ளத்தில் மங்க ஹிட்டி என்ற தண்ணீர்த்துறை இருக்கிறது. மகர முகம் கொண்ட மூன்று கல் தூம்புகள். ஆறாம் நூற்றாண்டில் கட்டியது என்று சொல்வார்கள். இன்றும் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். நிலத்தடி நீரை வழிநடத்திக் கொண்டுவந்த பொறியியலை உலகம் வியக்கிறது. வியக்க வேண்டியதுதான்.

ஆனால் முலுக்கி ஐன் மனிதர்களைப் பிரித்ததே தண்ணீரை வைத்துத்தான். பூணூல் போட்டவர்கள் மேலே. அடுத்து அடிமையாக்கக் கூடாதவர்கள், அடிமையாக்கக் கூடியவர்கள். அதற்குக் கீழே தண்ணீர் செல்லாதவர்கள், அதாவது எவர் கையால் தண்ணீர் வாங்கக் கூடாதோ அவர்கள். அதிலும் இரண்டு பிரிவு. தொட்டால் தண்ணீர் தெளித்துக்கொள்ளத் தேவையில்லாதவர்கள், தெளித்தே ஆக வேண்டியவர்கள். கட்கி, கபாலி, குலு ஆகியோர் முதல் பிரிவில், முஸ்லிம்களோடும் ஐரோப்பியர்களோடும் சேர்த்து. போடே, ச்யாமே, காமி, சார்கி, தமாய் ஆகியோர் கடைசியில். மகாத் குளத்தில் 1927இல் அண்ணல் தண்ணீர் அள்ளிக் குடித்தது ஏன் அத்தனை பெரிய போராட்டம் என்று யாராவது கேட்டால், இந்தச் சட்டத்தைக் காட்டுங்கள்.

எதிர்ப்பும் பள்ளத்தாக்கில் அன்றே இருந்தது. 1954இல் பசுபதிநாத் கோயில் நுழைவுக்காகத் தலித்துகள் போராடினார்கள். 1963இன் புதிய சட்டத் தொகுப்பு சாதிப் படிநிலையை ஏட்டிலிருந்து எடுத்தது. 2006இல் நாடாளுமன்றம் நேபாளத்தைத் தீண்டாமை ஒழிந்த நாடு என்று அறிவித்தது. 2011இல் தண்டனைச் சட்டம் வந்தது. 2015 அரசமைப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவு தீண்டாமையைத் தடை செய்கிறது, 40ஆவது பிரிவு தலித் உரிமைகளைத் தனியாகச் சொல்கிறது. நேபாள மக்களில் சுமார் 13 சதவீதம் தலித்துகள். இத்தனையும் நடந்த வரலாறு. வைக்க ஒரு கூடம் வேண்டாமா?

அந்தக் கூடம் எப்படி இருக்க வேண்டும்

பாட்டன் அரண்மனையில் ஒரு புதிய கூடம் சேர்க்கிறார்கள், வடிவமைப்பைப் பற்றி நம்மிடம் யோசனை கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனைதான். ஆனால் கேட்கத் தெரிய வேண்டும் என்றால் முதலில் வரையத் தெரிய வேண்டும்.

ஒன்று, தரை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் துரத்தினார்கள். 1994இல் அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறந்தபோது, இடிக்கப்பட்ட தெருக்களின் வரைபடத்தைத் தரை முழுக்க விரித்தார்கள். துரத்தப்பட்டவர்கள் வந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள். பாட்டன் கூடத்தின் தரையிலும் நகர வரைபடம் இருக்கட்டும். ஆனால் மதிலோடு நிற்கக் கூடாது. எல்லைக்கு வெளியே இருந்த குடியிருப்புகள் வரை போகட்டும். அங்கே வாழ்கிறவர்கள் வந்து எழுதட்டும்.

இரண்டு, கூரை. பாதி ஓடு, பாதி கூரைப்புல். நடுவில் ஒரு கோடு. கீழே வம்சாவளியின் அந்த ஒரு வாக்கியம். வேறு விளக்கமே வேண்டாம். குழந்தைகூட அண்ணாந்து பார்த்தால் புரிந்துகொள்ளும்.

மூன்று, கைகள். வாஷிங்டனில் 2016இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் வெளிச்சுவர் முழுக்க உலோகப் பின்னல். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளாக இருந்த கறுப்புக் கொல்லர்கள் செய்த இரும்பு வேலைப்பாடுகளிலிருந்து அந்தப் பின்னலை எடுத்தார்கள். உழைப்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காமல் கட்டடத்தின் தோலாகவே ஆக்கினார்கள். பாட்டனில் தாம்ராகார் அடித்த செம்பும் டம்டா அடித்த செம்பும் அடுத்தடுத்து ஒரே சுவரில் இருக்கட்டும். எது யாருடையது என்று கண்ணால் பிரிக்க முடியாது. அதுதான் காட்ட வேண்டியது.

நான்கு, இதில் நாம் ஏமாறக் கூடிய இடம். துடைப்பத்தையும் கசாப்புக் கத்தியையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, இது இவர்களின் பண்பாடு என்று பலகை மாட்டினால் அது அருங்காட்சியகம் இல்லை, இன்னொரு முலுக்கி ஐன். எதைக் காட்டுவது, எதைக் காட்டக் கூடாது, என்ன பெயரில் அழைப்பது என்பதை அந்த மக்களே முடிவு செய்ய வேண்டும். அவர்களுக்குள்ளும் ஒரே கருத்து இருக்காது. கட்கிகளில் பலர் தங்களைத் தலித் பட்டியலில் சேர்ப்பதை ஏற்கவில்லை. நம்மிடமும் பறையை எடுத்து அடித்தவர்களும் உண்டு, இனி அடிக்க மாட்டோம் என்று கிழித்துப் போட்டவர்களும் உண்டு. இரண்டும் விடுதலையின் வழிதான். கூடம் இந்த விவாதத்தை முடித்து வைக்க வேண்டாம், விவாதமே ஒரு காட்சியாக இருக்கட்டும். ஆனால் காப்பாட்சியர் நாற்காலியிலும் தேர்வுக் குழுவிலும் அந்தத் தெருப் பிள்ளைகள் உட்கார வேண்டும். வாசலில் கூட்டுகிற வேலைக்கு மட்டும் அவர்களை எடுத்தால் எத்தனை அழகான கூடமும் பொய்.

ஐந்து, வெனிஸ் சாசனம் சொன்ன நேர்மை. த்யலாக்களின் பழைய குடிசை எதுவும் அரண்மனை மாதிரி காத்து வைக்கப்படவில்லை. இல்லாததை இருந்ததுபோல் புனைந்து கட்ட வேண்டாம். காலியாக ஓர் இடம் விடலாம். இங்கே வைக்கப் பொருள் இல்லை, ஏன் இல்லை தெரியுமா என்று அந்த வெற்றிடமே கேட்கட்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கலாம். 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலநடுக்கம் வந்து ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். பாட்டன் சதுக்கத்தில் சார் நாராயண் கோயிலும் ஹரிசங்கர் கோயிலும் மண்ணோடு மண்ணாக விழுந்தன. இடிபாட்டிலிருந்து செதுக்கிய மரத்துண்டுகளை ஊர் மக்கள் பொறுக்கி அருங்காட்சியக வளாகத்துக்குள் கொண்டுபோய் அடுக்கினார்கள். திருடு போய்விடக் கூடாதே என்ற கவலை. பின்னால் எந்தத் துண்டு எந்தத் தூணுடையது என்று இனம் கண்டு, பழுதானதற்குப் புதிதாகச் செதுக்கிச் சேர்த்து, இரண்டு கோயிலையும் எழுப்பினார்கள். ஒரு தூணின் உடைந்த நுனிக்கு இத்தனை பொறுமை காட்ட முடிகிற சமூகத்தால், ஒரு தெருவின் நினைவைச் சேகரிக்க முடியாதா? பணமோ நுட்பமோ தடையாக இருக்காது. எது நம் சொத்து, யார் நம் பாட்டன் என்பதில்தான் தகராறு.

நம் ஊர்க் கூடங்கள்

இதை நேபாளத்தைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அங்கே தீண்டாமைத் தடைக்குத் தனிப் பிரிவு இருப்பது போல இங்கே 17ஆவது பிரிவு இருக்கிறது. அங்கே வாடகை வீடு மறுக்கப்படுவது போல இங்கேயும் மறுக்கப்படுகிறது. அருங்காட்சியக விஷயத்திலும் நாம் பெரிதாக முந்திவிடவில்லை.

2023 மார்ச் 5 அன்று கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நமக்கும் பெருமைதான். அந்தக் கட்டடம் செட்டிநாட்டுப் பாணியில் கட்டப்பட்டிருக்கிறது. செட்டிநாட்டு வீடு அழகு, மறுக்கவில்லை. ஆனால் அது 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் ஒரு வணிகச் சாதியின் செல்வத்தில் எழுந்த வீட்டு வடிவம். ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைய ஒரு வைகைக்கரை நகரத்தைக் காட்ட, தமிழர் வீடு என்றதும் ஏன் அந்த ஒரு வடிவம் மட்டும் நினைவுக்கு வருகிறது? யாரும் திட்டமிட்டு ஒதுக்கவில்லை. அழகு என்றால் எது என்பது ஏற்கெனவே நம் கண்ணில் எழுதப்பட்டிருக்கிறது. பாட்டனின் ஓடு போலத்தான்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அனுமதிச் சீட்டு பெரிய விலை இருக்காது. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்விகளை நோட்டில் எழுதுங்கள். இதைச் செய்தது யார்? இதைப் பயன்படுத்தக் கூடாது என்று யாருக்குத் தடை இருந்தது? இந்தப் பலகையில் அது எழுதியிருக்கிறதா? எழுதியதைத் தொகுத்துக் காப்பாட்சியரிடம் மனுவாகக் கொடுங்கள், பதில் கேளுங்கள். அதே நேரம் உங்கள் தெருவில் வயதானவர்களிடம் உட்காருங்கள். முதல் ஓட்டு வீடு எந்த வருடம் வந்தது, முதலில் செருப்போடு ஊர்த்தெருவில் நடந்தவர் யார், எந்தக் கிணறு எப்போது திறந்தது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. பிறகு வைக்கப் பொருளும் இருக்காது, சொல்ல ஆளும் இருக்காது.

பல்லக்கைத் தூக்கினவர்கள் எங்கே என்று கேட்ட அந்தப் பெண்பிள்ளை இப்போது கல்லூரிக்குப் போகிறாள். வரலாறு எடுத்திருக்கிறாள். அவளுக்கான பதில் நம்மிடம் இன்னும் முழுதாக இல்லை. அவள் வேலைக்குப் போகும்போது அந்தப் பலகையை எழுதும் இடத்தில் அவளே இருக்க வேண்டும். அதற்கான வழியைத் திறந்து வைப்பது நம் வேலை.